ஸ்பிரிடோனின் இஞ்சின் நின்ற நாள்

ஸ்பிரிடோன் என் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால் முதலில் பார்ப்பது என்னை அல்ல, சுவரை. வெளியே அவருடைய லாரி நிற்கும் பக்கத்துச் சுவர். அதன் ஓரமாக உட்கார்ந்து, தொப்பியின் காதுமடலைத் தூக்கிவிட்டு, அந்தப் பக்கம் தன் இஞ்சின் ஓடுகிறதா என்று கொஞ்ச நேரம் கேட்பார். அதன் பிறகுதான் நான் ஒருத்தி இருப்பது அவர் கண்ணில் படும்.

"என்ன ஆகுலீனா, கறிச்சாறு இன்னிக்கு வச்சதா, நேத்து வச்சதா?"

"நேத்து வச்சதுதான். உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்."

இதைக் கேட்டுவிட்டால் அவருக்குப் பசி வந்துவிடும். இரண்டு கிண்ணம் குதிரைக்கறிச் சாறு, ஒரு தட்டு அப்பம், பால் விட்ட தேநீர். கிளம்பும்போது ஓர் அப்பத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அது அவர் சாப்பிடுவதற்கு இல்லை. வழியில் நெருப்பு மூட்ட நேர்ந்தால் நெருப்புக்குக் கொடுப்பதற்கு. வெறுங்கையோடு நெருப்பிடம் எதையும் கேட்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

என் கடை ஆற்றங்கரையில், பனிச்சாலை இறங்குகிற இடத்தில் இருக்கிறது. கோடையில் அது படகுத்துறை. குளிர்காலத்தில் ஆறே உறைந்து சாலையாகிவிடும். அக்கரையில் ஸ்பிரிடோனின் கிராமம். அங்கே வேகும் உருளைக்கிழங்கு, எரியும் மண்ணெண்ணெய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பென்சில் வரை அவர் லாரியில் போனதுதான். பதினெட்டு வயதில் கூட்டுப்பண்ணை டிராக்டரில் ஏறியவர். பண்ணையைக் கலைத்தபோது மற்றவர்கள் குடித்து அழுதார்கள். இவர் தன் குதிரைகளை விற்று, ஜப்பானிலிருந்து வந்த பழைய சின்ன டீசல் லாரி ஒன்றை வாங்கினார். குதிரையை விற்று இரும்பை வாங்கினவன் என்று ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டுக்கும் கிழங்கு அந்த லாரியில்தான் போயிற்று.

எங்கள் பக்கம் அக்டோபரில் போட்ட டீசல் இஞ்சினை ஏப்ரலில்தான் அணைப்பார்கள். சூடேற்றிய கொட்டகை வைத்திருப்பவன் பணக்காரன், அவன் கதை வேறு. மற்றவர்கள் வீட்டு முற்றத்தில் ராத்திரியெல்லாம் அது உறுமிக்கொண்டு நிற்கும், உள்ளே எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரிக் குளிரில் ஒருமுறை அணைந்து ஆறிவிட்டால் எண்ணெய் தாராகிவிடும், பாட்டரி செத்துவிடும். சீறி எரியும் ஊதுவிளக்கை வைத்து அரை நாள் அதன் வயிற்றைச் சூடாக்கினாலும், அதற்கு மனசிருந்தால்தான் எழும். பெரும்பாலும் இருக்காது. பிறகு வசந்தம் வரைக்கும் அது வெறும் இரும்பு. டீசல் வீணாகிறதே என்று வெளியூர்க்காரர்கள் என் கடையில் உட்கார்ந்து உபதேசம் செய்வார்கள். அவர்களுக்கு நான் அப்பத்தில் வெண்ணெய் குறைத்துப் போடுவேன்.

இன்னொரு விஷயம். ஓடுகிற வண்டியின் சாவியை யாரும் எடுப்பதில்லை, கதவையும் பூட்டுவதில்லை. பூட்டு உறைந்துவிடும் என்பது சின்னக் காரணம். வழியில் வண்டி கெட்டு நடந்து வருகிறவன் எந்த லாரியில் வேண்டுமானாலும் ஏறி உட்கார்ந்து உயிரைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது பெரிய காரணம். திருட்டா? இருப்பது ஒரே சாலை. திருடிக்கொண்டு எங்கே போவான்?

ஸ்பிரிடோனின் மனைவி மார்ஃபா உயிரோடு இருந்தவரை பக்கத்து இருக்கையில் அவள்தான் உட்கார்ந்து வருவாள். அவள் பேசிக்கொண்டே வருவாள், அவர் இஞ்சினைக் கேட்டுக்கொண்டே வருவார். இரண்டு பேருக்கும் அது பிடித்திருந்தது. அவள் போன பிறகு அவளுடைய நரித்தோல் கையுறை ஒன்றை ஸ்டியரிங்குக்கு முன்னால் கண்ணாடி ஓரமாக வைத்துக்கொண்டார். மணிக்கட்டில் சிவப்பு மணி கோத்த பூ இருக்கும். அதன் ஜோடியை, அவளைப் புதைக்கும்போது, அவள் கையோடு அனுப்பிவிட்டார்கள்.

மகள் சார்கிலானா கிராமத்து மருந்தகத்தில் செவிலி. அந்த மருந்தகத்து ஜீப்பை அவளே ஓட்டுவாள். அப்பாவைப் போலவே வாய் குறைவு, கண் அதிகம். அந்தக் கண்ணில் ஒவ்வொன்றாகப் பட்டது. தண்ணீர் ஊற்றாமல் கெட்டிலை அடுப்பில் வைத்தார். அவளை இரண்டு தடவை மார்ஃபா என்று கூப்பிட்டார். பசு கன்று போட்டதா என்று ஒரே காலையில் திரும்பத் திரும்பக் கேட்டார். நவம்பரில் அவள் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, இந்த வருஷத்தோட போதும்ப்பா. ஐஸ் மேல தனியா போறீங்க, எனக்கு இங்க கை ஓட மாட்டேங்குது."

"கை ஓடலேன்னா ஊசி எப்படிப் போடுற?"

"விளையாடாதீங்கப்பா."

அன்றைக்கு அவர் விளையாடவில்லை. அடுப்புக் கதவைத் திறந்து, வெண்ணெய் தடவிய அப்பத்தை உள்ளே போட்டு, நெருப்பைப் பார்த்துச் சொன்னார்: "என் மறதியால வண்டி வழியில ஒரு தடவை நின்னா, அன்னிக்கே சாவி இவ கையில." நெருப்புக்குச் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. எங்கள் ஊரில் இதைக் கேலி செய்கிறவன்கூட அந்த வாக்கை மீறிப் பார்க்க மாட்டான்.

ஜனவரியில் ஒரு நாள், ஐம்பதையும் தாண்டிய குளிர். அந்தக் குளிரில் மூச்சும் புகையும் மேலே போகாமல் தரையிலேயே தங்கிவிடும். நீட்டிய கையின் விரல் தெரியாது. என் கடைக்கு வெளியே லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. எல்லாம் உறைபனி மூடி வெள்ளை. நம்பர் தகட்டில் விரல் தடிமனுக்கு ஐஸ். பாதிக்கு மேல் அதே ஜப்பான் லாரிகள், முகப்பில் இஞ்சின் குளிராமல் போர்த்திய, ஒரே கடையில் தைத்த அதே கம்பளிப் போர்வைகள்.

ஸ்பிரிடோன் சுவரோரமாக உட்கார்ந்து, பனிச்சாலையில் நரி ஒன்று தன் லாரிக்கு முன்னால் ஓடிய கதையைச் சொன்னார். இரண்டாவது அப்பம் முடிவதற்குள் அதே நரியை மறுபடியும் ஓடவிட்டார். எனக்கு நாக்கு அரித்தது. மார்ஃபாவை நினைத்து, "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டேன்.

அடுத்த மேசையில் கெஸ்கில் என்று ஒரு பையன், முப்பதைத் தாண்டியவன், எனக்கு அவன் பையன்தான். புதுசாகக் கல்யாணம் ஆனவன், லாரித் தொழிலுக்கும் புதுசு. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன், போனில் பெண்டாட்டி. பேசிக்கொண்டே எழுந்து, பேசிக்கொண்டே தொப்பியை மாட்டி, பேசிக்கொண்டே வெளியே போய், எதிரில் தட்டுப்பட்ட லாரியில் ஏறிப் போய்விட்டான். அது ஸ்பிரிடோனின் லாரி.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்பிரிடோன் வெளியே வந்தார். தான் நிறுத்தின இடத்தில், ஒன்றிரண்டு அடி தள்ளி, தன் லாரியைப் போலவே ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. ஏறினார், ஆற்றில் இறங்கினார். அது கெஸ்கிலின் லாரி. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நான் ஏதோ மாயம் காட்டுவதாக நினைப்பீர்கள். அவருக்கு மட்டும் இதைச் சொல்ல அன்றைக்கு யாருமில்லை.

முதலில் இருக்கை. கொஞ்சம் தாழ்ந்திருந்தது. நாம்தான் குள்ளமாகிவிட்டோமா என்று நினைத்தாராம். வயதானால் குள்ளமாவார்கள் என்று மகள் ஒருதடவை சொல்லியிருந்தாள். பிறகு சத்தம். இஞ்சின் லேசாக இருமியது. தொப்பியின் காதுமடலைத் தூக்கிக் கேட்டார், அப்போதும் இருமியது. காதும் போய்விட்டது என்று முடிவு கட்டினார். புகையிலைப் பைக்குக் கைநீட்டினார், கைக்குச் சூயிங்கம் பொட்டலம் வந்தது. நாம் எப்போது சூயிங்கம் வாங்கினோம்? யாருக்கு? நெடுநேரம் யோசித்தார். வாங்கியவன் யாராயிருந்தாலும் அது தன் வண்டியில் இருக்கிறது, எனவே வாங்கியது தான்தான். ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். புதினா. அவருக்குப் புதினா பிடிக்காது.

நீங்கள் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவருக்கு, இது என் வண்டியா என்ற சந்தேகம் எப்படி வரும்? எங்கள் பக்கம் ஒருத்தன் வண்டியை இன்னொருத்தன் எடுத்துக்கொண்டு போனதாக யாரும் கேள்விப்பட்டது கிடையாது. தன் தலையைச் சந்தேகப்படுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. போன நவம்பரிலிருந்து அதற்குப் பழகியும் இருந்தார்.

ஆற்றின் நடுவில் புகை கொஞ்சம் விலகி, சூரியன் மங்கலாகத் தெரிந்தபோதுதான் கண்ணாடி ஓரத்தைப் பார்த்தார். கையுறை இல்லை.

வண்டியை நிறுத்தவில்லை, ஒரு கையால் தேடினார். இருக்கைக்கு அடியில், கதவு இடுக்கில், தன் பைகளில். கறிச்சாறு குடிக்கும்போது கையில் எடுத்து வந்தோமோ? மேசையில் வைத்துவிட்டோமோ? கடையை மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தார். மேசை வந்தது, கிண்ணம் வந்தது, நான்கூட வந்தேனாம். கையுறை வரவில்லை.

அப்போது இஞ்சினின் வேகம் விழுந்தது. காலை அழுத்தினார், இன்னும் விழுந்தது. இரண்டு முறை குலுங்கியது, நின்றது.

டீசல் லாரி நின்ற பிறகு பனிச்சாலையில் இருக்கும் அமைதியை நான் ஒருதடவைதான் கேட்டிருக்கிறேன், இரண்டாவது தடவை வேண்டாம். இறங்கினார். டீசல் வடிகட்டியின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே டீசல் உறைந்த நெய் மாதிரி வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருந்தது. இந்தக் குளிரைத் தாங்காத டீசல் அது. கெஸ்கில் தெற்கே எங்கேயோ ரோட்டோரத்தில் கேனில் மலிவாக வாங்கி ஊற்றியது. ஆனால் ஸ்பிரிடோனுக்கு அதில் தெரிந்தது வேறு. காலையில் தன் கையால் கடுங்குளிர் டீசலை ஊற்றி, அதில் மண்ணெண்ணெய் கலந்ததாகத்தான் அவருக்கு ஞாபகம். ஞாபகம் ஒன்று சொல்லியது, கிண்ணம் வேறொன்று சொல்லியது. கிண்ணத்தைத்தான் அவர் நம்பினார்.

ஊதுவிளக்கைத் தேடினார். இருக்கைக்குப் பின்னால் எப்போதும் இருப்பது, இல்லை. சரி, வண்டியில் எப்போதும் வைத்திருக்கும் மண்ணெண்ணெயில் கொஞ்சம் ஊற்றி டீசலை இளக்கலாம் என்று பின்பக்கத் தார்ப்பாயை விலக்கினார்.

உள்ளே வரிசையாகக் கக்கூஸ் பீங்கான்கள். பளபளவென்று, வைக்கோலுக்கு நடுவில், வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தன. அவருடைய கிராமத்தில் தண்ணீர்க் குழாயே கிடையாது. எல்லார் வீட்டிலும் முற்றத்துக் கோடியில் மரக்கொட்டகைதான். இதை யார் சொல்லி ஏற்றினோம்? மருந்தகத்துக்கா? பாதிரியாருக்கா? ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தாராம், எந்த வீட்டுக்கும் பொருந்தவில்லை. கிழங்கு எங்கே? பிள்ளைகளுக்கான முட்டை எங்கே? அதையெல்லாம் இறக்கிவிட்டு இதை ஏற்றினோமா? தார்ப்பாயை மெதுவாக மூடிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தாராம். ஆற்றின் மேல் ஒரு காக்கைகூட இல்லை.

மாற்று டயரைக் கழற்றி உருட்டிப்போய்ச் சாலை ஓரத்தில் கொளுத்தினார். அது நன்றாகப் பிடித்து எரிந்த பிறகு, சட்டைப் பையிலிருந்து என் அப்பத்தை எடுத்து உள்ளே போட்டார். "வண்டி நின்னுடுச்சு. என் மறதிதான். சொன்னபடி சாவியைக் குடுத்துடறேன். வீடுவரைக்கும் கொண்டுபோய் விடு" என்றார்.

இதற்கிடையில் என் கடை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. கெஸ்கில் உள்ளே வந்தான், முகம் வெளுத்திருந்தது. குளிரால் வந்த வெளுப்பு இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"அக்கா, ஒரு நிமிஷம் வெளிய வாங்க. சத்தம் போடாதீங்க."

"என்னடா, யாரையாவது இடிச்சிட்டியா?"

"இல்லக்கா. என் வண்டி திடீர்னு நல்லாயிடுச்சு. காலைலேருந்து இருமிக்கிட்டிருந்தது, இப்ப பூனை மாதிரி ஓடுது. சரி, தெய்வம் கண்ணைத் தொறந்துடுச்சுன்னு ரோட்டோரம் ஒரு சிகரெட்டும் வச்சுக் கும்பிட்டேன். அப்புறம் பார்த்தா உள்ள ஒரு பொம்பளைக் கையுறை இருக்குக்கா! நான் சத்தியமா யாரையும் ஏத்தல. இது எப்படி வந்துச்சுன்னே தெரியல. வீட்டுல பார்த்தா என்னை உரிச்சுக் காயப்போட்டுடுவா."

கோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினான். சிவப்பு மணி கோத்த பூ.

"அடப்பாவி" என்றேன். "இது மார்ஃபாவோட கையுறைடா. நீ ஸ்பிரிடோன் வண்டியை ஓட்டிக்கிட்டு வந்திருக்க."

"அப்ப என் வண்டி?"

"அதைத்தான் அவர் ஓட்டிக்கிட்டுப் போயிருக்காரு. அதுல என்ன டீசல்டா ஊத்தின?"

பதில் அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. அவனைத் திட்டுவதற்கு எனக்கு நிறைய வார்த்தை தெரியும். அத்தனையையும் வழியில் திட்டிக்கொள்ளலாம் என்று, கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு அவனோடு ஏறினேன். ஆறு முழுக்கத் திட்டினேன். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கரும்புகையைத் தூரத்திலேயே பார்த்துவிட்டோம். பக்கத்தில் போனபோது ஸ்பிரிடோன் எரிகிற டயருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். புருவம், மீசை, தொப்பி எல்லாம் வெள்ளை. எங்களைப் பார்த்து அவர் கை ஆட்டவில்லை. லாரியைத்தான் பார்த்தார்.

"ஆகுலீனா, நீ எப்படி இங்க வந்த?"

"உங்க வண்டியிலதான் அண்ணே."

"என் வண்டி இந்தா நிக்குதே."

"அது உங்க வண்டி இல்ல. இதுதான் உங்க வண்டி."

இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். மறுபடியும் இதைப் பார்த்தார். "அப்ப ரெண்டும் என்னுதா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கே இன்னொன்றையும் வாங்கி மறந்துவிட்டோமோ என்ற பயம் அதில் இருந்தது.

கெஸ்கில் முன்னால் வந்து தொப்பியைக் கழற்றினான். அந்தக் குளிரில் தொப்பியைக் கழற்றுவது சாதாரண மன்னிப்பு இல்லை. "மாமா, தப்பு என்னுது. நான்தான் பார்க்காம உங்க வண்டியில ஏறிட்டேன். நீங்க வர்றப்ப என் வண்டிதான் அங்க நின்னிருக்கு."

"தொப்பியைப் போடுடா, காது உதிர்ந்துடும்." ஸ்பிரிடோன் ஒரு அடி கிட்டே வந்தார். "அப்ப அந்த டீசல்?"

"என்னுது மாமா."

"நான் ஊத்தல?"

"இல்ல மாமா, தெக்க நான் வாங்கினது."

"ஊதுவிளக்கு?"

"அது உங்க வண்டியில பத்திரமா இருக்கு. என்கிட்ட ஊதுவிளக்கே கிடையாது மாமா."

"ஊதுவிளக்கு இல்லாமயாடா ஆத்துல இறங்குற? சரி, அந்தக் கக்கூஸ் எல்லாம்?"

"ஸ்கூல் விடுதிக்கு."

"நான் ஏத்தல?"

"நீங்க கிழங்கும் முட்டையும்தான் ஏத்தியிருக்கீங்க. நான் பார்த்தேன்."

"சூயிங்கம் ஒண்ணு தின்னுட்டேன்."

"இன்னும் எடுத்துக்குங்க மாமா."

"வேணாம். நாறுது."

ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவர் முகத்தில் ஐஸ் உடைந்தது. கடைசியில், "அப்ப என் தலையில ஒண்ணும் இல்ல" என்றார். "அப்படிச் சொல்லாதீங்க, வெளிய கேட்டா தப்பா நெனப்பாங்க" என்றேன். அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்தார். ஐஸ் மேல் ஒரு காலைத் தூக்கி ஆடக்கூடச் செய்தார். முப்பது வயதுக்காரனுக்கே வண்டி மாறிப்போனால், அறுபதைத் தாண்டியவரை யார் என்ன சொல்ல முடியும்? சார்கிலானாவிடம் இதை நானே போய்ச் சொல்லப் போகிறேன் என்று எனக்கும் அப்போது குஷியாக இருந்தது. நெருப்புக்கு அப்பம் போட்டுச் சொன்னதை அவர் சொன்னபோது, "மறதியால நின்னாதானே வாக்கு? இது கெஸ்கிலோட கஞ்சத்தனத்தால நின்னது. நெருப்புக்கும் விவரம் புரியும்" என்றேன். அவர் தலையாட்டினார்.

மண்ணெண்ணெய் ஊற்றி, ஊதுவிளக்கைப் பிடித்து, ஸ்பிரிடோனின் லாரியிலிருந்து பாட்டரிக்குக் கம்பி கொடுத்து, ஒருவழியாகக் கெஸ்கிலின் லாரியை எழுப்பினார்கள். அவன் பீங்கான்களோடு திரும்பிப் போனான். நானும் அவனோடு கடைக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் ஸ்பிரிடோன் தன் லாரியில் ஏறி, கண்ணாடி ஓரத்திலிருந்த கையுறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கிளம்பாமலே உட்கார்ந்திருந்தார். ஆடிய ஆள் இவர்தானா என்று இருந்தது. பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன்.

ஆறு தாண்டும் வரை பேசவில்லை. ஆற்றின் மேல் இருக்கும்போது அதன் பேரையும் சொல்ல மாட்டோம், துக்கத்தையும் சொல்ல மாட்டோம். கரையேறிய பிறகு சொன்னார்.

"எல்லாத்துக்கும் பதில் கிடைச்சுடுச்சு ஆகுலீனா. டீசலுக்குக் கிடைச்சுது, கக்கூசுக்குக் கிடைச்சுது. ஒண்ணுக்குக் கிடைக்கல."

"எதுக்கு அண்ணே?"

"கையுறை காணோம்னதும், சரி, கையுறை போனா போகுது, ஆளையாவது நெனச்சுக்குவோம்னு நெருப்புக்கு முன்னாடி நின்னு கண்ணை மூடினேன். தொப்பி வந்துச்சு. நீலக் கோட்டு வந்துச்சு. அவ பேசுறதுகூடக் கேட்டுச்சு. மூஞ்சி வரல. எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா? வரவே இல்ல." கையுறையைத் திருப்பிப் பார்த்தார். "டீசல் அந்தப் பையன் வாங்கினது. வண்டி புகையில மாறினது. அவ மூஞ்சியை யாரு ஏத்திக்கிட்டுப் போனது?"

"எனக்கும் அப்படித்தான் அண்ணே, என் வீட்டுக்காரர் முகம் சில நாள்..."

"நீ பொய் சொல்றப்ப மூக்கைத் தடவுவ."

கையை மூக்கிலிருந்து எடுத்தேன். "இப்ப வருதா?"

"இப்ப வருது. இதைப் பார்த்ததும் வந்துடுச்சு." கொஞ்ச தூரம் ஓட்டினார். "அதான் பயமா இருக்கு. இது தொலைஞ்சா அவளும் போயிடுவாளா?"

கையுறை நழுவாதபடி அதை அவர் மடியில் நன்றாக நகர்த்தி வைத்தேன்.

கிராமத்தில் உறையாமல் கம்பளியில் பொதிந்திருந்த கிழங்கை இறக்கினார், முட்டையைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தார். எதுவும் குறையவில்லை, எதுவும் உடையவில்லை. பிறகு வீட்டு முற்றத்தில் லாரியை எப்போதும் நிற்கும் இடத்தில் நிறுத்தினார். சாவியில் கை வைத்தார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டிதான் மறதியால் நிற்கவில்லை, முகம் மறந்ததே; சாவியைக் கையில் கொடுப்பதாக வாக்கு. ஓடுகிற வண்டியிலிருந்து சாவியை எப்படி எடுப்பது? நவம்பரில் இதை அவரும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

"அண்ணே, வேணாம். கேளுங்க என் பேச்சை—"

திருப்பிவிட்டார்.

இஞ்சின் நின்றது. முதலில் எதிர் வீட்டு நாய் எழுந்து பார்த்தது. பிறகு எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்த வீட்டிலும் திறந்தது. தெருவில் ஒருத்தி வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். ஜனவரியில் ஸ்பிரிடோன் வீட்டில் லாரிச் சத்தம் நின்றால் அந்தத் தெருவுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். சார்கிலானா கோட்டுப் போடாமல், வீட்டுச் செருப்போடு, பனியில் ஓடிவந்தாள்.

"அப்பா! அப்பா!"

அவர் இறங்கி நின்றுகொண்டிருந்ததைப் பார்த்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. அவர் அவள் கையைப் பிடித்துச் சாவியை உள்ளே வைத்தார்.

"சொன்னது சொன்னதுதான்ம்மா."

அவள் சாவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், வண்டி மாறிய கதை முழுவதும் நாக்கு நுனியில் இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். இத்தனை நாள் அவள் கேட்டது இதைத்தான். கிடைத்ததும் அவள் லாரியின் முகப்புக்குப் போனாள். முகப்புப் போர்வைக்கு அடியில் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் சூடு இருக்கு" என்றாள்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினாள். சாவியைப் போட்டுத் திருப்பினாள். இருமியது. மறுபடி திருப்பினாள். லாரி எழுந்து உறும ஆரம்பித்தது, முற்றம் முழுக்கப் புகை. வாளியோடு நின்றவள் நடக்கத் தொடங்கினாள். எதிர் வீட்டுக் கதவு மூடிக்கொண்டது.

"ஏறுங்கப்பா" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "நாளைக்கு மண்ணெண்ணெய் ஏத்தணும்ல, எங்க ஏத்துறதுன்னு நீங்கதான் காட்டணும். எனக்கு வழி தெரியாது."

வழி தெரியாதாம். இருப்பதே ஒரு சாலை.

ஸ்பிரிடோன் பழக்கத்தில் ஓட்டுநர் கதவுக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்தார். உள்ளே மகள் உட்கார்ந்திருந்தாள். கையை எடுத்துவிட்டு, புகையில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையுறையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, லாரியின் முகப்பைத் தொட்டபடியே சுற்றிப் போய், மார்ஃபாவின் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினார்.